விதைக்கிழங்கு வெட்ட ஆள் வேணும்

தோட்டத்துச் சாளை, நரசிபுரம் பக்கம்
அக்டோபர் 18

நித்யா அக்காவுக்கு,

ஆமா, காலேஜை விட்டு நின்னுதான் போயிட்டேன். உனக்கு யாரு சொன்னாங்கன்னு தெரியல, ஆனா நீ கேட்டிருக்கறது நெசந்தான். மெக்கானிக்கல் மூணாவது வருசம், எட்டு அரியர். ஒரு நாள் ஒர்க்‌ஷாப்ல நின்னு இரும்பைத் தேய்ச்சுட்டு இருந்தேன். இதையே இன்னும் நாப்பது வருசம் தேய்க்கோணுமான்னு தோணுச்சு. பேக்கை எடுத்துட்டு ஊட்டுக்கு வந்துட்டேன். ஏன்டா எதுக்குடான்னு எல்லாரும் கேட்டு முடிச்சுட்டாங்க, நீயும் ஆரம்பிக்காத.

உன்ற லெட்டரை போஸ்ட்மேன் தோட்டத்துல என்ற கையில குடுத்தாரு. நல்லவேளை. ஊட்டுக்குப் போயிருந்தா அடுப்புக்குப் போயிருக்கும். உறையில ஸ்கூல் அட்ரஸ் மட்டும் போட்டிருக்கற. ஊட்டு அட்ரஸ் இல்ல, போன் நம்பர் இல்ல. உடுமலைப்பேட்டையில டீச்சரா இருக்கறேன்னு மட்டும் தெரியுது. உசாரா இருக்கற, இருந்துக்கோ. ஆனா நம்பரைக் குடு. இந்தக் காலத்துல போஸ்டாபீஸ்ல போய் இன்லேண்ட் லெட்டர் கேட்டா என்னை ஏற இறங்கப் பார்க்கறாங்க.

விசயத்துக்கு வாரேன். அப்பா மேக்கால ஒரு ஏக்கரை எனக்குன்னு விட்டிருக்காரு. ஒரே ஒரு வெள்ளாமை. கார்த்திகை முடியறதுக்குள்ள நட்டு, மார்கழியில வெள்ளாமை மொளைச்சு நிக்கோணும். நின்னா அந்த ஏக்கர் என்ற பொறுப்பு. நிக்கலேன்னா தை மாசம் மாமாவோட பம்புப் பட்டறைக்குப் போய், அங்கேயும் இரும்பைத் தேய்க்கோணும். நான் உருளைக்கிழங்கு போடறேன்னு சொன்னேன். அப்பா சோத்துத் தட்டுலயே கையைக் கழுவிட்டு எந்திரிச்சுட்டாரு.

ஏன்னு உனக்கே தெரியும். நீ போனதுக்கப்புறம் நம்ம தோட்டத்துல கிழங்கே போடல. வருசா வருசம் நடறதுக்கு விதைக்கிழங்கைத் துண்டாக்கி வெட்டினது மாரியாத்தாளும் அவ செட்டுப் பொம்பளைங்களும். நீ அவ பையன் அருண்குமாரைக் கட்டிக்கிட்டுப் போனே. வேற சாதின்னு நம்ம ஆளுக குதிச்சாங்க. மாரியாத்தா குடும்பமே ஊரைக் காலி பண்ணிட்டுப் போச்சு. அப்பா அந்த செட்டையே உள்ள விடமாட்டேன்னுட்டாரு. அதோட கிழங்கும் நின்னுபோச்சு.

விதை வெட்டறது என்ன பெரிய வித்தையா? கத்தி இருக்குது, கிழங்கு இருக்குது. மேட்டுப்பாளையம் மண்டியில நரசிம்மலுங்கறவர்கிட்ட பதினாலு மூட்டை சொல்லியிருக்கேன்.

அம்மா நல்லா இருக்காங்க. உன்ற பேரைச் சொல்லமாட்டாங்க, ஆனா உன்ற சேலையைத்தான் கட்டிட்டுத் திரியறாங்க.

மிதுன்

*

உடுமலைப்பேட்டை
அக்டோபர் 25

அன்புத் தம்பி மிதுனுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை வகுப்பறையிலும் ஒரு முறை வீட்டிலும் படித்தேன். எட்டு அரியர் என்பதை மட்டும் ஒரு தடவைக்கு மேல் படிக்க முடியவில்லை கண்ணு. உன்னைத் திட்டுகிற உரிமை எனக்கு இன்னும் இருக்கிறதா என்று தெரியாததால் திட்டவில்லை.

நாங்கள் நலம். உனக்கு ஒரு மருமகள் இருக்கிறாள். இரண்டு வயது. பெயர் நவ்யா. உன் மாமா அருண்குமார் தேங்காய் மண்டியில் கணக்குப் பார்க்கிறார். மூட்டை தூக்கும் வேலைக்கு அவரால் போக முடியாது, இடது கை இன்னும் தோளுக்கு மேலே போவதில்லை. மாரியாத்தா அத்தை எங்களோடுதான் இருக்கிறார். தென்னந்தோப்புகளில் வேலைக்குப் போகிறார். "வேண்டாங்கத்தை, ஊட்ல இருங்க" என்றால், "உன்ற ஊட்ல நாலு சுவரைப் பார்த்துட்டு நான் என்ன பண்றது அம்மணி" என்கிறார்.

உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். "கத்தி இருக்குது, கிழங்கு இருக்குது" என்ற இடத்தில் சிரித்துவிட்டு எழுந்து போய்விட்டார். திரும்பி வந்து ஒன்றே ஒன்று கேட்டார். "அவிய ஊட்ல யாருக்காச்சும் வெட்டத் தெரியுமா?" எனக்கும் தெரியாது மிதுன். இருபது வருடம் நம் தோட்டத்தில் நடந்த வேலை. நான் பக்கத்தில் உட்கார்ந்து கதை பேசியிருக்கிறேன், கத்தியைத் தொட்டதில்லை.

அவசரப்படாதே. போன் எண்ணைக் கேட்டிருக்கிறாய். தருவதற்கில்லை. இதற்குக் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள், ஆனால் எழுது.

உன் அக்கா,
நித்யா

*

நவம்பர் 12

அக்கா,

அழுகிப்போச்சு. சுத்தி வளைச்சு எழுத எனக்கு வராது. அரை ஏக்கர், ஏழு மூட்டை விதை, மொத்தமும் கூழ்.

நடந்ததைச் சொல்றேன். யூட்யூப்ல மூணு வீடியோ பார்த்தேன், மூணு பேரு மூணு மாதிரி சொல்றாங்க. சரின்னு அம்மாவோட காய் நறுக்கற கத்தியை எடுத்து நானே உக்காந்து வெட்டினேன். பொரியலுக்கு வெட்டற மாதிரி குறுக்கால குறுக்கால. நடறதுக்கு ஆலாந்துறையில இருந்து வெங்காய செட்டைக் கூட்டியாந்தேன். அவங்க பாவம், தெரிஞ்சதைத்தான் செஞ்சாங்க. சின்ன வெங்காயத்துக்குச் செய்யற மாதிரியே பாத்திக்குத் தண்ணி உட்டு, சேறாக்கி, அதுல வரிசையா ஊனிப்போட்டாங்க. மூணாம் நாள் உயிர்த்தண்ணி உட்டாச்சு. நானும் கரையில நின்னு, எவ்வளவு அழகா நட்டிருக்காங்கன்னு போட்டோ எடுத்தேன்.

பன்னண்டாம் நாளும் ஒரு மொளை தெரியல. தோண்டிப் பார்த்தா வெட்டின பக்கம் வழியா தண்ணி குடிச்சு ஒவ்வொண்ணும் ஊதியிருக்குது. கையில எடுத்தா வழியுது. அந்த நாத்தம் இன்னும் என்ற நகத்துல இருக்குது.

அப்பா பொறத்தால கையைக் கட்டிக்கிட்டு வந்து பார்த்தாரு.

"ஏன்டா, சாம்பாருக்கு ஆச்சா?"ன்னு கேட்டாரு.

எனக்குச் சுருக்குன்னுச்சு. "உங்களுக்கு வெட்டத் தெரியுமுங்களா?"ன்னு கேட்டேன்.

"நான் ஏன்டா வெட்டோணும்?"

அவ்வளவுதாங்க்கா. தெரியாதுன்னு கூட அவருக்குச் சொல்லத் தெரியல. முப்பது வருசம் கிழங்கு வெள்ளாமை பண்ணினவருன்னு மண்டியில அவருக்கு இன்னும் பேரு இருக்குது. அந்தக் கத்தியை அவரும் புடிச்சதில்ல, அவரைப் பெத்த அப்பாருவும் புடிச்சதில்ல.

இன்னும் ஏழு மூட்டை சாளைக் கொட்டாயில கெடக்குது. இன்னொரு அரை ஏக்கர் இருக்குது. கார்த்திகை முடிய ஒரு மாசம். நான் பட்டறைக்குப் போகமாட்டேன். எப்படி வெட்டறதுன்னு அத்தைகிட்டக் கேட்டு எழுது. படம் வரைஞ்சு காட்டினாலும் சரி.

மிதுன்

*

நவம்பர் 17

மிதுன்,

கேட்டேன். அத்தை சொல்ல மறுத்துவிட்டார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"ஏழு மூட்டை அழுகுச்சுன்னா எனக்கும் வயிறு எரியுதுதான். ஆனா கேக்கறவன் யாருன்னு எனக்குத் தெரியோணும். அன்னைக்கு காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுல என்ற பையன் கையை முறுக்கினாங்களே, நீங்க ரெண்டு பேரும் எந்த பஸ்ஸுல ஏறப்போறீங்கன்னு அவனுகளுக்குச் சொன்னது யாரு? அதுக்குப் பதில் வரட்டும், அப்புறம் கத்தியைப் பத்திப் பேசலாம்."

நான் உன்னிடம் நான்கு வருடமாக இதைக் கேட்கவில்லை. பெங்களூர் பஸ் என்பது மூன்று பேருக்குத்தான் தெரியும். எனக்கு, உன் மாமாவுக்கு, என் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்த உனக்கு.

இப்போது கேட்கிறேன்.

நித்யா

*

நவம்பர் 20

அக்கா,

நான்தான்.

உன்ற பையை பெஞ்சுமேல வச்சுட்டு, தண்ணி பாட்டில் வாங்கியாரேன்னு சொல்லிட்டு நகர்ந்தேன் பாரு, அப்பத்தான் பெரியப்பா பையனுக்கு போன் பண்ணினேன். உங்க மேல சந்தேகம் வந்து, கெளம்பினா போன் பண்ணச் சொல்லி முந்தின நாளே அப்பா கேட்டிருந்தாரு. உன்னை ஊட்டுக்குக் கூட்டிட்டு வர்றது மட்டுந்தான், ஒருத்தர் மேலயும் கை படாதுன்னு சொன்னாரு. நான் நம்பினேன். பாதி நம்பினேன். மிச்சப் பாதிக்கு பைக் வண்டி வாங்கித் தாரேன்னு சொல்லியிருந்தாரு. பிளஸ் டூ படிச்சுட்டு இருந்தேன். எனக்கு வண்டி வேணும்னு இருந்துச்சு.

மாமா கை மடங்கினதை நான் தண்ணி பாட்டிலோட நின்னு பார்த்தேன். கத்தல. ஓடியும் வரல. நீங்க அப்படியும் தப்பிச்சு பஸ் ஏறிப் போனீங்க. நான் அந்த பாட்டிலைக் குடிச்சுட்டு டவுன் பஸ் ஏறி ஊட்டுக்கு வந்தேன்.

மூணாம் மாசம் வண்டி வந்துச்சு. இப்பவும் அதுலதான் மண்டிக்குப் போறேன்.

மன்னிப்புன்னு எழுதி அடிச்சுப்போட்டேன், மேல தெரியும் பாரு. எழுதறதுக்கு எனக்கு என்ன யோக்கியதை இருக்குது.

கிழங்கு வேற, இது வேற. நீங்க சொல்லித் தரலேன்னாலும் இதை எழுதியிருக்கோணும். ஆனா கிழங்கையும் கேக்கறேன். வெக்கமில்லாமத்தான் கேக்கறேன். அப்பா இருபத்தெட்டு, இருபத்தொம்பது ரெண்டு நாளும் ஈரோட்டுக்குக் கல்யாணத்துக்குப் போறாரு. தோட்டத்துல ஒருத்தரும் இருக்கமாட்டாங்க. அத்தை அந்த ரெண்டு நாள்ல வந்து வெட்டிக் குடுத்துட்டுப் போயிடலாம். பழையபடி வாய்க்கா வழியா வந்துட்டா ஊர்ல யாருக்கும் தெரியாது. கூலி நான் ரெண்டு பங்கு தாரேன்.

மிதுன்

*

உடுமலைப்பேட்டை
நவம்பர் 26

தம்பி,

உன் கடிதத்தை அத்தைக்கு எப்படிப் படிப்பது என்று ஒரு நாள் முழுக்க வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு உன் மாமாவே வாங்கிப் படித்தார். நவ்யாவைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார், வலது கையால். நான் அழுதேன். எனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் உன் கையெழுத்தில் பார்ப்பது வேறாக இருந்தது.

அத்தை சொன்னது: "சொல்லிப்போட்டான். அவங்கப்பனா இருந்தா சொல்லியிருக்கமாட்டான்."

பிறகு கடைசிப் பகுதியை மறுபடி படிக்கச் சொன்னார், அந்த ஈரோட்டுக் கல்யாணத்தை. நான் படித்து முடிப்பதற்குள் அவருக்கு வந்த கோபத்தை நான் இதுவரை பார்த்ததில்லை.

"திருட்டுத்தனமா வரச் சொல்றானா? இருபது வருசம் வாய்க்கா வழியா வந்தேன், குனிஞ்சு வந்தேன், குனிஞ்சு போனேன். அப்ப நான் கூலிக்காரி. இப்ப நான் அந்தூட்டுச் சம்பந்தி. சம்பந்தி ஊட்டுக்கு யாராச்சும் வாய்க்கா வழியாப் போவாங்களா? உங்கப்பன் அப்புசாமி தோட்டத்துல இருக்கற நாளாப் பார்த்துத்தான் வருவேன். ரோட்டு வழியா வருவேன். எனக்குக் கூலி ஒரே பங்கு போதும். சோறு மட்டும் எல்லாரும் சாப்படற தட்டுல போடோணும். அதுக்கு ஒத்துக்கிட்டான்னா எழுதச் சொல்லு. ஒத்துக்கலேன்னா பட்டறைக்குப் போகச் சொல்லு."

நான் எதுவும் சேர்க்கவில்லை, குறைக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் கிழங்கைப் பற்றிப் பேசினார். கடையில் வாங்கி வைத்திருந்த ஒரு கிழங்கை எடுத்துத் தரையில் உட்கார்ந்துகொண்டார். கண்கள் கூட்டமாக இருக்கிற பக்கம் கொண்டை, கொடியில் ஒட்டியிருந்த பக்கம் தொப்புள். கொண்டையிலிருந்து தொப்புளுக்கு நெட்டாக வெட்ட வேண்டுமாம், அப்போதுதான் ஒவ்வொரு துண்டுக்கும் கொண்டைக் கண்ணில் பங்கு கிடைக்கும். நீ குறுக்கே வெட்டியதில் பாதித் துண்டுகள் குருடு. கோழி முட்டை அளவுள்ளதை வெட்டவே கூடாது, முழுசாகப் போட வேண்டும். அழுகல் ஒன்றை வெட்டிவிட்டால், கத்தியைச் சுடுதண்ணீரில் முக்காமல் அடுத்ததைத் தொடக் கூடாது.

வெட்டுவதை அவரே செய்வார். அவர் வருவதற்குள் நீ செய்ய வேண்டியவை இவை. மூட்டைகளைப் பிரித்து, சாளையில் வைக்கோல் மேல் ஒரே அடுக்காகப் பரப்பு. வெயில் படக் கூடாது, காற்று வர வேண்டும். மொளை பாசிப்பயறு அளவுக்குத் தடித்து நிற்க வேண்டும். வெள்ளையாக நூல் மாதிரி நீண்டிருந்தால் கிள்ளிப் போட்டுவிடு, புதிதாக வரும். விறகுச் சாம்பல் இரண்டு கூடை, சலித்தது. வெட்டிய முகத்தில் அதைத் தடவி இரண்டு நாள் ஆறப்போட்டு, தோல் கட்டிய பிறகுதான் நடவு. மண்ணுக்குத் தண்ணீர் கட்டாதே. ஒரு பிடி மண்ணைப் பிடித்தால் உருண்டையாக வர வேண்டும், கீழே போட்டால் உடைய வேண்டும். உடையவில்லை என்றால் காத்திரு. "வெங்காயம் தண்ணியில பொழைக்கும், வெட்டின கிழங்கு தண்ணியில சாகும்னு அவன்கிட்டச் சொல்லு" என்றார்.

எண் இன்னும் தரமாட்டேன் மிதுன். அத்தை உன் தோட்டத்துக்கு வருவது அத்தையின் முடிவு. என் கோபம் என்னுடையது. அதற்கு அவசரமில்லை.

டிசம்பர் நான்காம் தேதி காலை ஏழு மணிக்கு உக்கடம் பஸ் ஸ்டாண்டில் இறங்குவார். சம்மதமென்றால் வண்டியோடு நில். வண்டி இல்லையென்றால் அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்துவிடுவார்.

நித்யா

*

சாளை
டிசம்பர் 4, காலை

அக்கா,

இதை அத்தை கையிலயே குடுத்துவிடறேன், போஸ்டாபீஸ் வேண்டாம். வண்டி உக்கடத்துக்குப் போயாச்சு. என்கூடப் படிச்ச ஷேக் பரீத் லோடு ஆட்டோ ஓட்டறான், அவன்கிட்டச் சொல்லியிருந்தேன். அத்தை ஏறிட்டாங்கன்னு ஏழே காலுக்கு போன் பண்ணினான். "முன்னால என் பக்கத்துலயே உக்காந்துட்டாங்கடா, பாட்டை நிறுத்தச் சொல்றாங்க"ன்னான். வர்ற வழியில பழைய செட்டுல நாலு பேரு ஏறிக்குவாங்க.

நான் போய் நிக்கோணும்னுதான் நீ எழுதியிருந்தே. நான் இங்கிருந்து நகர முடியல. ஏன்னு சொல்றேன்.

நேத்து காலையில காப்பி குடிக்கறப்ப அப்பாகிட்ட நேராவே சொல்லிட்டேன். "நாளைக்கு சம்பந்தி வாராங்க"ன்னேன்.

"யாரு?"

"மாரியாத்தா அத்தை. விதை வெட்ட."

டம்ளரைக் கீழ வச்சாரு. கத்துவாருன்னு நெனைச்சேன். அவரு கேட்ட மொதல் கேள்வி என்ன தெரியுமா? "எந்த வழியா?"

"ரோட்டு வழியா. நீங்க இல்லாதப்ப வரச் சொன்னேன், மாட்டேன்னுட்டாங்க."

"அவளுக்கு எப்பவும் அந்தத் திமிரு"ன்னாரு. அப்புறம், "நாளைக்கு நான் கேட்டுல நிப்பேன். யாரு உள்ள வர்றாங்கன்னு பார்க்கறேன்"ன்னாரு.

"நில்லுங்க. நீங்க இருக்கோணும்னுதான் அவங்களும் சொன்னாங்க"ன்னேன்.

காந்திபுரம் விசயத்தை உனக்கு எழுதிட்டேன்னும் சொல்லிட்டேன். அதுக்குத்தான் அவரு மூஞ்சி செத்துப்போச்சு. "அதையெல்லாம் எதுக்குடா எழுதறே"ன்னு கேட்டாரு, மெதுவா, வேற ஆளாட்டம். அந்த பைக் சாவியை அவரு முன்னால வச்சேன். அவரும் எடுக்கல, நானும் எடுக்கல. இன்னும் அங்கேயேதான் கெடக்குது.

விதை ரெடி. ஆறு நாளா வைக்கோல் மேல கெடக்குது. நூல் மாதிரி இருந்ததை எல்லாம் கிள்ளினேன். இப்ப ஒவ்வொண்ணுலயும் கருநீலமா, குண்டா மொளை நிக்குது. கொண்டை எது தொப்புள் எதுன்னு இப்பக் கண்ணை மூடிட்டு விரல்ல சொல்லுவேன். அழுகல்னு இருபத்தாறு கிழங்கைப் பொறுக்கி எறிஞ்சேன். மண்ணுக்கு ஒரு சொட்டுத் தண்ணி கட்டல. நாலு நாளா காலையில எழுந்து ஒரு பிடி புடிச்சுப் போட்டுப் பார்க்கறேன். மொத மூணு நாளும் உருண்டை அப்படியே விழுந்துச்சு. இன்னைக்கு உடைஞ்சுது.

சாம்பலுக்குத்தான் அலைஞ்சேன். ஊட்டுல கேஸ் அடுப்பு, வெந்நீர் அடுப்புல மட்டுந்தான் விறகு. அம்மாகிட்டக் கேக்கப் பயம், அதனால டீக்கடையில கேக்கலாம்னு இருந்தேன். முந்தாநேத்து பொறவாசல்ல போய்ப் பார்த்தா அம்மா கோதுமை சல்லடையில சாம்பல் சலிச்சுட்டு இருக்காங்க. ஒரு கூடை நெறைஞ்சிருக்குது. உன்ற லெட்டரை நான் தலகாணிக்கு அடியில வச்சது தப்பு. இல்ல, சரி. "மாரியாத்தாளுக்குக் கரி கெடந்தாப் புடிக்காது, பொடியா இருக்கோணும்"னாங்க. அவ்வளவுதான் பேசினாங்க. சோத்துக்கு எட்டுத் தட்டு எடுத்து வச்சிருக்காங்க. எல்லாம் சில்வர், நாம சாப்படறது. நாங்க மூணு பேரு, அவங்க அஞ்சு பேரு. எட்டுன்னா அப்பாவையும் சேர்த்துத்தான் எண்ணியிருக்காங்க.

இப்ப மணி எட்டு இருபது. அப்பா ஏழு மணியில இருந்து கேட்டுல நிக்கறாரு. வெள்ளை வேட்டி, துண்டு. கேட்டைச் சாத்தி, கொக்கி போட்டு, அதுமேல கையை வச்சிருக்காரு. போற வர்றவங்க எல்லாம் "என்னங்க கவுண்டரே, காலங்காத்தால?"ன்னு கேக்கறாங்க. "சும்மா"ங்கறாரு. பெரியப்பா பையன் ஒரு தடவை வண்டியில மெதுவா வந்து பார்த்துட்டுப் போனான். அதனாலதான் நான் உக்கடத்துக்குப் போகல. அத்தை இறங்கறப்ப நான் இங்க நிக்கோணும். போன தடவை மாதிரி பாட்டிலோட தள்ளி நிக்கமாட்டேன்.

நான் என்ன பண்ணப்போறேன்னு எழுதி வச்சுடறேன், அப்புறம் மாத்திக்க முடியாது பாரு. அப்பாவைத் தள்ளமாட்டேன். கையைப் புடிச்சு இழுக்கமாட்டேன். கொக்கியை எடுப்பேன். எடுக்க உடலேன்னா கேட்டைத் தாண்டி வெளிய போய் அத்தைகூட நிப்பேன். ஏழு மூட்டையையும் தோள்ல தூக்கி ரோட்டுக்கே கொண்டாந்து சாக்கை விரிச்சுக் கொட்டுவேன். ஊரு பார்க்க அங்கேயே உக்காந்து வெட்டட்டும். நானும் பக்கத்துல உக்காந்து வெட்டறேன். ரெண்டு நாள் ஆறப்போட்டு வெள்ளிக்கிழமை நடறோம். எந்த வழியாவா இருந்தாலும் நடறோம்.

நம்பர் கேக்கமாட்டேன். உன்ற கோபம் தீர்ற வரைக்கும் லெட்டரே போடு. நவ்யாவுக்கு நான் யாருன்னு இப்போதைக்குச் சொல்லாத, சொல்ற மாதிரி ஆனப்புறம் சொல்லு. மாமாகிட்டே

ஆட்டோ சத்தம் கேக்குது. திருப்பத்துல பரீத் ஹாரன் அடிக்கறான். அப்பா துண்டை உதறித் தோள்ல போடறாரு, கை கொக்கி மேலயேதான் இருக்குது. அம்மா சாம்பல் கூடையை இடுப்புல வச்சுக்கிட்டு எனக்கு முன்னாலயே கேட்டுக்கு நடந்துட்டாங்க. நான் போகோணும்.